தன் பொறியைத் தானே சமைத்த தச்சன்

தயிரைக் கடைவதும், கோலைக் கடைந்து தீ எடுப்பதும், மரத்தைக் கடைந்து கட்டிற்கால் செய்வதும் தமிழில் ஒரே வினைச்சொல்லால் வழங்குகின்றன. மத்தாயினும் மரமாயினும் அங்கு நிகழ்வது ஒன்றே. ஒரு தண்டு முன்னும் பின்னுமாகச் சுழல்கின்றது. பெரும்பாலும் அதன்மேல் சுற்றிய கயிறே அதனைச் சுழற்றுகின்றது. தீக்கடைகோலுக்குப் பழந்தமிழர் இட்ட பெயர் ஞெலிகோல் என்பது. மரம் கடையும் தொழிலுக்குக் கடைசல் என்னும் பெயர் இன்றும் வழக்கில் உள்ளது. தச்சர் துளையிடப் பயன்படுத்திய துறப்பணமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. வில்லின் நாணைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, வில்லை இழுத்துத் தள்ளி அதனை இயக்குவர்.

மரத்தொழிற் பொறிகளின் வரலாறு இக்கயிற்றிலிருந்தே தொடங்குகின்றது. உளி, வாய்ச்சி, இழைப்புளி, கைவாள் ஆகியவை கருவிகள். கையின் வலிமையும் கையின் பயிற்சியுமே அவற்றை நடத்துகின்றன. பொறி அதனின் வேறு. வேலைப்பொருளையோ வெட்டும் அலகையோ ஒரு வரம்புக்குள் ஒரே ஒழுங்காக இயங்கச் செய்வது பொறி. கருவியின் இரும்பைத் தச்சன் கொல்லனிடமிருந்தே பெற்றான். பொறியையோ பன்னூறு ஆண்டுகள் அவனே தன் கையால் மரத்திற் செய்துகொண்டான். பின்னர் ஒரு காலத்தில் பொறி அவன் கையை விட்டகன்று ஆலைக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டில் வீட்டுப் பட்டறைகளின் வழியே அது மீண்டும் அவனிடம் வந்தது. பொறி எவ்வாறு சென்றது, எவ்வாறு திரும்பியது என்பது ஆராயத்தக்க செய்தியாகும்.

கயிறும் வில்லும்

எகிப்து நாட்டில் துனா எல் கெபல் என்னுமிடத்தில் பெட்டோசிரிசு என்ற கோயிற் குருவின் கல்லறை உள்ளது. அது கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தது. அதன் சுவர்ச் சிற்பமொன்றில் இருவர் எதிரெதிரே அமர்ந்து தொழில் செய்கின்றனர். ஒருவன் கயிற்றை இழுக்கின்றான். மற்றவன் சுழலும் பொருளின்மேல் அலகைப் பிடித்திருக்கின்றான். கடைசற் பொறியைக் காட்டும் மிகப் பழைய சிற்பம் இதுவே என்று அறிஞர் பலர் கருதுவர்.

இந்தியாவிலும் இம்முறையே நெடுங்காலம் நிலவியது. கடைசற்காரன் தரையில் அமர்வான். இரண்டு மரக்கட்டைகளில் பொருத்திய இரும்பு முனைகளுக்கிடையே வேலைப்பொருள் நிற்கும். எதிரே இருப்பவன் கயிற்றை மாறி மாறி இழுப்பான். துணையாள் இல்லையெனில், கடைசற்காரனே ஒரு கையால் வில்லை இயக்கி, மறுகையாலும் கால்விரல்களாலும் உளியைப் பிடித்துக்கொள்வான். கருநாடகத்துச் சென்னபட்டணத்திலும் ஆந்திரத்து எட்டிக்கொப்பாக்கத்திலும் செய்யப்படும் அரக்குப் பொம்மைகள் இம்மரபில் வந்தவை. சுழலும் மரத்தின்மேல் அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் சூட்டால் அரக்கு உருகி மரத்திற் படிகின்றது.

இப்பொறியில் இரும்பாவது இரண்டு முனைகளும் உளியுமே. எஞ்சியவை யாவும் மரமும் கயிறும். ஆதலின் அதனைச் செய்வதற்குத் தச்சன் பிறர் உதவியை நாட வேண்டியதில்லை. பழுதுற்றாலும் அவனே திருத்திக்கொள்வான்.

வளைகழியின் வலிமை

கயிற்றை இழுப்பதற்கு வேறோர் ஆள் வேண்டும் என்னும் குறையை ஐரோப்பியத் தச்சர் வேறு வழியில் நீக்கினர். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெஞ்சு ஓவியங்களில் அம்முறை காணப்படுகின்றது. தலைக்கு மேலே நெகிழ்வுள்ள நீண்ட கழி ஒன்றைக் கட்டுவர். அதன் நுனியிலிருந்து வரும் கயிறு வேலைப்பொருளை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே உள்ள மிதிகட்டையை அடையும். காலால் மிதித்தால் பொருள் தச்சனை நோக்கிச் சுழலும். அப்போது உளி வெட்டும். காலைத் தூக்கினால் கழி நிமிர்ந்து கயிற்றை மேலே இழுக்கும். பொருள் எதிர்ப்புறம் சுழலும். அப்போது உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். ஆகவே பாதி நேரமே வெட்டு நிகழும். ஆயினும் ஒருவனே முழு வேலையையும் செய்யலாம். அவன் இரு கைகளும் உளிக்கே உரியனவாகும்.

இங்கிலாந்தில் சில்டர்ன் குன்றுப் பகுதியின் பீச் மரக்காடுகளில் இம்முறை 20ஆம் நூற்றாண்டு வரை நின்றது. பாட்ஜர் எனப்பட்ட கடைசற்காரர் அங்குத் தொழில் செய்தனர். காட்டில் நிற்கும் மரங்களை விலைக்கு வாங்கி, அவ்விடத்திலேயே கொட்டகை அமைத்து, பொறியையும் அங்கேயே நிறுத்துவர். ஈரம் உலராத மரத்தைப் பிளந்து நாற்காலிக் கால்களாகக் கடைந்து, ஹை விக்கம் நகரத்து நாற்காலித் தொழிற்சாலைகளுக்கு விற்பர். மரம் தீர்ந்ததும் வேறிடம் பெயர்வர். இரும்பு முனைகளும் உளிகளும் உடன்செல்லும். கழியை அடுத்த காட்டிலே வெட்டிக்கொள்ளலாம். பொறி தச்சனுக்கு எவ்வளவு அணுக்கமாய் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சக்கரம் வந்தது

முன்னும் பின்னுமான சுழற்சியை ஒரே திசைச் சுழற்சியாக மாற்றுவது அடுத்த படி. 1480ஆம் ஆண்டை ஒட்டி இலியனார்டோ டா வின்சி வரைந்த படமொன்றில் மிதிகட்டை, வளைதண்டு, கனமான சக்கரம் ஆகிய மூன்றும் ஒருங்கே காணப்படுகின்றன. மிதியின் உந்துதலை வளைதண்டு சுழற்சியாக்குகின்றது. கால் எழும் நேரத்திலும் சக்கரத்தின் கனம் அச்சுழற்சியைக் காக்கின்றது. தையற்பொறியின் மிதியில் பிற்காலத்து மக்கள் கண்ட அமைப்பு இதுவே.

இலண்டனைச் சேர்ந்த சோசப் மாக்சன் என்பார் 1678ஆம் ஆண்டு முதல் கைத்தொழில்கள் பற்றிய நூலொன்றைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். தச்சு, கடைசல் முதலியவை அதில் படங்களுடன் விளக்கப்பட்டன. வளைகழிப் பொறியையும், வேறோர் ஆள் சுழற்றும் பெருஞ்சக்கரப் பொறியையும் அவர் விரித்துரைக்கின்றார். 1701ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் துறவியாகிய சார்லசு பிளூமியே கடைசற்கலைக்கென்றே தனிநூல் செய்தார். தொழிலாளரிடையே வாய்மொழியாகவும் கைப்பயிற்சியாகவும் மட்டும் வழங்கிய பொறியமைப்பு இந்நூல்களால் எழுத்தில் ஏறியது. குருவிடம் பயிலாத ஒருவன் படத்தைப் பார்த்துப் பொறி செய்யலாம் என்னும் நிலை அப்போது தோன்றியது. வீட்டுப் பட்டறை என்பதன் முதல் விதை இதுவே எனலாம்.

அறுவைக்குழியும் கலகமும்

கடைசலினும் கடினமானது பலகை அறுத்தல். ஐரோப்பாவில் இதற்கெனக் குழி தோண்டினர். அடிமரத்தைக் குழியின்மேல் கிடத்தி, ஒருவன் மேலே நிற்பான். மற்றவன் குழிக்குள் நிற்பான். நீண்ட வாளை இருவரும் மாறி மாறி இழுப்பர். மேலே நிற்பவன் கோட்டைக் காப்பான். கீழே நிற்பவன் முகத்தில் மரத்தூள் விழும். உடலை வருத்தும் அவ்வேலையே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது.

ஆலந்து நாட்டைச் சேர்ந்த கார்னேலிசு கார்னேலிசூன் என்பார் காற்றாலையின் சுழற்சியை வளைதண்டினால் மேலும் கீழுமான இயக்கமாக மாற்றி வாளை இயக்கினார். அதற்கு அவர் உரிமை பெற்றது 1593ஆம் ஆண்டில். அந்நாட்டின் கப்பல் தொழில் செழித்ததற்கு இக்கண்டுபிடிப்பும் ஒரு காரணமாயிற்று. இங்கிலாந்திலோ எதிர்ப்பு நெடுநாள் இருந்தது. சார்லசு டிங்லி என்னும் வணிகர் இலண்டனின் இலைம்ஹவுசு பகுதியில் காற்றால் இயங்கும் மர ஆலை ஒன்றை அமைத்தார். 1768ஆம் ஆண்டு மே மாதத்தில் மரம் அறுப்போர் திரண்டு சென்று அதனைத் தகர்த்தனர். மறு ஆண்டே பாராளுமன்றம் ஆலைகளை அழிப்பதைப் பெருங்குற்றமாக்கிச் சட்டம் செய்தது.

அவர்களை அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் முறையன்று. அவர்கள் அஞ்சியது பொறியை அன்று. தம் கையில் இல்லாத பொறியை. கடைசற்காரன் தன் வளைகழிப் பொறியைக் கண்டு அஞ்சவில்லை, அது அவனுடையது. காற்றாலை வாளோ முதலாளியினுடையது.

வெசுட்மினிசுட்டர் இல்லமும் போர்ட்சுமத் துறையும்

மரத்தொழிற் பொறிகளின் வரலாற்றில் பெருந்திருப்பம் ஒரு வீட்டில் நிகழ்ந்தது. தத்துவ அறிஞர் செரமி பெந்தாமின் தம்பியாகிய சாமுவேல் பெந்தாம் பல ஆண்டுகள் உருசியாவில் பணியாற்றியவர். அங்குத் தேர்ந்த தொழிலாளர் அருகியே கிடைத்தனர். பயிற்சியற்றவரைக் கொண்டு சீரான வேலையைப் பெறுவது எப்படி என்னும் கேள்வி அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. 1791ஆம் ஆண்டில் இங்கிலாந்து திரும்பியபின், வெசுட்மினிசுட்டரில் இருந்த தமையனாரின் இல்லத்தையே பட்டறையாக்கி, இழைக்கவும் அறுக்கவும் துளையிடவும் பொறிகளைச் செய்வித்தார். 1793ஆம் ஆண்டில் அவர் பெற்ற உரிமை ஆவணம் பிற்கால மரத்தொழிற் பொறிகள் பலவற்றின் கருத்தை முன்னரே உட்கொண்டிருந்தது. செரமி பெந்தாம் அப்போது புதுவகைச் சிறைச்சாலை ஒன்றைத் திட்டமிட்டிருந்தார். தச்சு அறியாத கைதிகளைக் கொண்டு தச்சுவேலை செய்விப்பதே இப்பொறிகளின் முதல் நோக்கம். பயிற்சியைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துப் பொறியினிடம் வைக்கும் எண்ணம் இவ்வாறு முளைத்தது.

1796ஆம் ஆண்டில் சாமுவேல் பெந்தாம் கடற்படைத் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளரானார். பாய்க்கப்பல்களுக்கு மரக்கப்பிகள் மிகுதியாகத் தேவைப்பட்ட காலம் அது. 74 பீரங்கிகளை உடைய கப்பல் ஒன்றுக்கே ஏறத்தாழ 1,000 கப்பிகள் வேண்டும். பிரான்சிலிருந்து வந்த மார்க்கு இசம்பார்டு புருனல் கப்பி செய்யும் பொறிகளை வகுத்தார். என்றி மாட்சுலே அவற்றை இரும்பிற் செய்தார். 1802ஆம் ஆண்டு முதல் அடுத்த சில ஆண்டுகளில் 45 பொறிகள் போர்ட்சுமத் துறையில் நிறுவப்பட்டன. நீராவியால் இயங்கிய அவை 1808ஆம் ஆண்டில் 1,30,000 கப்பிகளை ஈன்றன. முன்பு 110 தேர்ந்த தொழிலாளர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஆள் குறைந்தது பலரும் கூறும் செய்தி. பொறியின் உடல் மரத்திலிருந்து இரும்புக்கு மாறியதே தச்சனைப் பொறுத்தவரை அதனினும் ஆழமான மாற்றம். இரும்புப் பொறி அதிராது, அளவு பிறழாது, நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதனைச் செய்ய வார்ப்பாலையும் உலோகக் கடைசலும் வேண்டும். தச்சனால் அது இயலாது. தன் பொறியைத் தானே செய்தவன் பிறர் செய்த பொறிக்கு மரம் எடுத்துக் கொடுப்பவன் ஆனான்.

மிதிபொறிகள்

அடுத்த 100 ஆண்டுகளில் மரப்பொறிகள் விரைந்து வளர்ந்தன. வட்ட வாளுக்கு இங்கிலாந்தில் 1777ஆம் ஆண்டிலேயே சாமுவேல் மில்லர் உரிமை பெற்றிருந்தார். இரு சக்கரங்களின்மேல் ஓடும் முடிவற்ற பட்டை வாளை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் நியூபெரி வகுத்தார். ஆயின் சக்கரத்தில் இடைவிடாது வளைந்து நிமிர்ந்ததால் பட்டையின் இணைப்பு அறுந்துவிடும். பிரான்சு நாட்டுப் பெண்மணியாகிய ஆன் பாலின் கிரெப்பேன் பட்டையின் இரு முனைகளையும் உறுதியாக ஒட்டும் முறையைக் கண்டு 1846ஆம் ஆண்டில் உரிமை கோரினார். பாரிசு நகரத்துப் பெரேன் நிறுவனம் அம்முறையை வாங்கி, நல்ல எஃகும் சேர்த்துப் பட்டை வாளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

இவை பெரும்பாலும் நீராவி ஆலைக்கே உரியனவாக இருந்தன. தனித் தச்சன் ஆலையோடு போட்டியிட முடியாமல் தளர்ந்தான். 1870களில் அமெரிக்காவின் இராக்ஃபோர்டு நகரில் பார்ன்சு நிறுவனத்தார் காலால் மிதித்து இயக்கும் வாள், கடைசற்பொறி முதலியவற்றைச் செய்து விற்றனர். சிலவற்றில் மிதிவண்டியில் அமர்வதுபோல் அமர்ந்து மிதிக்க வேண்டும். நீராவி இல்லாத சிற்றூர்த் தச்சனும் ஆலையோடு ஈடுகொடுக்கலாம் என்பதே அவர்களின் வாதம். இங்கிலாந்தில் 1895ஆம் ஆண்டில் தொடங்கிய ஹாபீசு என்னும் வார இதழ் நுண்வாள் வேலையை வீடுகளுக்குக் கொண்டு சென்றது. பொறி மீண்டும் தனியொருவனின் உடைமையாயிற்று. ஆனால் அதனை அவன் செய்யவில்லை, வாங்கினான்.

கழித்த பொருளிற் பிறந்த பொறிகள்

தச்சன் மீண்டும் தன் பொறியைத் தானே செய்ய வழிவகுத்தது எது? வியப்பு என்னவெனில், பொறியை அவனிடமிருந்து பிரித்த அதே ஆலைத்தொழிலே அதற்கும் வழிவகுத்தது. பொறியில் தச்சனால் செய்ய இயலாதவை நான்கே: நுட்பமாகச் சுழலும் தாங்கி, ஓட்டும் விசை, வெட்டும் எஃகு, வளையாத தட்டையான பலகை. 20ஆம் நூற்றாண்டின் பேரளவு உற்பத்தி இந்நான்கையும் மலிவான பண்டங்களாக்கியது. 1907ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த சுவென் விங்குவிசுட்டு தானே நேர்ப்படும் குண்டுத்தாங்கியைக் கண்டார். பேரிங் என மக்கள் வழங்கும் அப்பொருள் நாளடைவில் எங்கும் கிடைத்தது. 1908 முதல் 1927 வரை 150 இலட்சம் ஃபோர்டு மாடல் டி கார்கள் ஆலையிலிருந்து வெளிவந்தன. பழையன கழிந்தபோது அவற்றின் அச்சுகளும் கப்பிகளும் குப்பைமேட்டுக்கு வந்தன. சலவைப்பொறிகளிலிருந்து கால் குதிரைத்திறன் மோட்டார்கள் கழற்றி எடுக்கப்பட்டன. ஒட்டுப்பலகை கடைகளில் விற்பனைக்கு வந்தது.

1929ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார மந்தம் மக்களின் கையில் பணத்தைக் குறைத்தது. வேலையிழந்தோருக்கு நேரத்தை மிகுவித்தது. 1902ஆம் ஆண்டு சிகாகோவில் என்றி எவன் விண்சர் தொடங்கிய பாப்புலர் மெக்கானிக்சு முதலிய இதழ்கள், மரச்சட்டத்தாலும் பழைய கார் உறுப்புகளாலும் கடைசற்பொறியும் நுண்வாளும் பட்டை வாளும் செய்யும் முறையைப் படங்களுடன் வெளியிட்டன. மாக்சன் தொடங்கிய மரபு இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. எஞ்சியோர் காரின் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, அதில் வார்ப்பட்டையை மாட்டி வாளை ஓட்டினர். பின்னர் மிசூரி மாநிலத்துக் கில்லியம் நிறுவனம் உலோக உறுப்புகளையும் வரைபடத்தையும் மட்டும் விற்றது. மரச்சட்டத்தை வாங்கியவரே செய்துகொள்வர்.

மரத்தாலான பட்டை வாள்

அவ்வாறு செய்யப்படும் பொறி எத்தகையது என்பதைப் பட்டை வாள் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். அதன் உயிர் இரண்டு சக்கரங்களில் உள்ளது. தனிப்பலகையில் சக்கரம் வெட்டினால், மழைக்காலத்தில் மரம் நாருக்குக் குறுக்கே உப்பும், நார்வழியே உப்பாது. வட்டம் முட்டை வடிவாகிவிடும். ஒட்டுப்பலகையிலோ அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால், ஓர் அடுக்கின் உப்பலை அடுத்த அடுக்குத் தடுக்கும். ஆதலின் ஒட்டுப்பலகை வட்டங்களை அடுக்கி ஒட்டிச் சக்கரம் செய்வர்.

அச்சக்கரத்தை அதற்குரிய அச்சிலேயே பொருத்திச் சுழற்றி, உளியால் விளிம்பைக் கடைந்து வட்டமாக்குவர். பட்டை வாளாகப் போவது சற்று நேரம் கடைசற்பொறியாகித் தன் சக்கரத்தைத் தானே திருத்திக்கொள்கின்றது. விளிம்பின் நடுப்பகுதி சிறிது மேடாக இருத்தல் வேண்டும். ஓடும் பட்டை மேட்டையே நாடி ஏறும் இயல்புடையது, ஆதலின் அது வழுவி விழாது. விளிம்பின்மேல் சைக்கிள் டியூபை வெட்டிப் போர்த்துவர். வாளின் பற்கள் மழுங்காதிருக்க அது உதவும். சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிட்டால் கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அப்பக்கத்தில் சிறுதுளைகள் இட்டுக் கனத்தைச் சமப்படுத்துவர்.

வேகத்தைக் கணக்கிடுவதும் எளிதே. மரம் அறுக்கும் பட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் ஓடலாம். 40 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 126 செ.மீ. ஆகவே சக்கரம் நிமிடத்துக்கு 715 முறை சுழல வேண்டும். மோட்டார் 1,440 முறை சுழலுமாயின், மோட்டாரின் கப்பியைச் சக்கரக் கப்பியின் பாதி அளவாக அமைத்தல் போதும். வகுத்தலும் வட்டத்தின் சுற்றளவும் கற்ற மாணவன் இதனைத் தானே செய்துவிடுவான்.

இடரும் அறிவும்

வீட்டிற் செய்த பொறியில் இடர் உண்டு என்பதை மறைத்தல் கூடாது. 25 செ.மீ. விட்டமுள்ள வட்ட வாள் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போது அதன் பற்கள் மணிக்கு ஏறத்தாழ 188 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. முன்பக்கப் பற்கள் மரத்தை மேசைமீது அழுத்துகின்றன. பின்பக்கப் பற்களோ மேலெழுகின்றன. அறுபட்ட இடைவெளி சுருங்கி மரம் பின்பற்களைக் கவ்வினால், பலகை தூக்கப்பட்டு வேலை செய்வோனை நோக்கி எறியப்படும். வாளின் பின்னே மெல்லிய பிளவுத்தகடு ஒன்றை நிறுத்தி இடைவெளியைத் திறந்தே வைப்பது இதற்குரிய காப்பு. கைக்குப் பதிலாகத் தள்ளுகோலைப் பயன்படுத்துவது மற்றொரு காப்பு. இழைப்புப்பொறியில் அலகுகளைத் தாங்கிச் சுழலும் உருளையை மட்டும் வீட்டிற் செய்தல் ஆகாது. அலகு பிடி தளர்ந்து பறந்தால் உயிருக்கே கேடு. எதனைத் தானே செய்யலாம், எதனை விலைக்கு வாங்க வேண்டும் என்று அறிவதே இக்கலையின் பாதி.

ஆலையிற் செய்த பொறியும் இவ்விடரிலிருந்து நீங்கியதன்று. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் மேசை வாளால் காயமுற்று மருத்துவரை நாடியதாக அந்நாட்டு அரசு மதிப்பிட்டுள்ளது. இதற்குத் தீர்வு கண்டவரும் வீட்டுப் பட்டறைக்காரரே. இயற்பியல் கற்று, கண்டுபிடிப்பு உரிமைச் சட்டத்துறையில் பணியாற்றிய சுடீவ் காசு என்பார் 1999ஆம் ஆண்டில் தம் பட்டறையில் இதனை ஆராய்ந்தார். மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும். உலர்ந்த மரம் அவ்வளவாகக் கடத்தாது. வாளில் நுண்ணிய மின்குறி ஒன்றைச் செலுத்தினால், விரல் பட்டதும் அக்குறி தாழும். அக்கணமே சுருள்வில் ஒன்று அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் தள்ளும். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரத்தில் வாள் நின்றுவிடும். முதலில் இறைச்சித் துண்டைக் கொண்டும், பின்னர்த் தம் விரலையே வைத்தும் அவர் அதனைச் சோதித்தார். பொறி செய்யும் நிறுவனங்கள் அதனை ஏற்க முன்வராமையால், அவரும் நண்பரும் தாமே அவ்வகை வாளைச் செய்து 2004ஆம் ஆண்டு முதல் விற்றனர்.

செய்து கற்றல்

வீட்டிற் செய்த பொறி எப்போதும் மலிவென்று கூறிவிட முடியாது. செலவிட்ட நாட்களையும் கணக்கிட்டால் கடைப்பொறியே மலிவாகலாம். வார்ப்பிரும்பின் கனமும் உறுதியும் மரச்சட்டத்துக்கு எளிதில் வாரா. இருந்தும் இம்முயற்சி நின்றுவிடவில்லை. 1980ஆம் ஆண்டு முதல் அமெரிக்கராகிய தேவிட் கிஞ்சரி வெளியிட்ட நூல்வரிசை, கரியடுப்பில் பழைய அலுமினியத்தை உருக்கி முதலில் உலோகக் கடைசற்பொறியையும், அதனைக் கொண்டு பிற பொறிகளையும் செய்யும் முறையைக் கற்பித்தது. கனடா நாட்டுப் பொறியாளர் மத்தையாசு வாண்டல் மரத்தாலான பட்டை வாளின் வரைபடங்களை வெளியிட்டார். பல நாட்டினர் அவற்றைப் பின்பற்றிப் பொறி செய்துள்ளனர்.

ஆசிரியர்க்கு இவ்வரலாற்றில் சிறப்பான ஒரு பாடம் உண்டு. 1866ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் கைத்தொழிலைக் கட்டாய பாடமாக்கிய ஊனோ சிக்னேயசும், அவர் வழியில் சுவீடனில் நாசு என்னுமிடத்தில் ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்த ஆட்டோ சாலமனும் மாணவரைத் தச்சராக்க விழையவில்லை. கையின் வழியே கருத்து தெளிவடைய வேண்டும் என்பதே அவர்கள் குறிக்கோள். பட்டை ஏன் மேட்டை நாடுகின்றது, மரம் ஏன் குறுக்கே உப்புகின்றது, பலகை ஏன் பின்னோக்கி எறியப்படுகின்றது என்பவற்றைப் பொறியைச் செய்தவன் தன் கைகளால் அறிந்திருக்கின்றான். பொத்தானை அழுத்துவதோடு நின்றவனுக்கு அவ்வறிவு வருவதற்கு வாய்ப்பில்லை. விபத்து நேர்ந்த பின்னரே வருதல் கூடும்.

பெந்தாம் உடன்பிறந்தார் பயிற்சியைத் தொழிலாளியிடமிருந்து எடுத்துப் பொறியினிடம் வைத்தனர். அதனால் உலகுக்கு விளைந்த நன்மை பெரிது. கப்பல்கள் ஓடின, பொருள்கள் மலிந்தன. ஆயினும் எடுக்கப்பட்ட பயிற்சி மீண்டும் மனிதரிடம் வந்து சேர ஏதேனும் ஒரு வழி வேண்டும். பள்ளியின் கைத்தொழில் அறை அவ்வழிகளுள் ஒன்று. பழைய மோட்டார் ஒன்றும், இரண்டு பேரிங்குகளும், சில ஒட்டுப்பலகைத் துண்டுகளும், விளைவை விளக்கிச் சொல்லவல்ல ஆசிரியர் ஒருவரும் இருந்தால் அவ்வழி திறந்திருக்கும்.